விடுமுறைக்கு வரும் சிறுவர் இல்லப் பிள்ளைகளைக் காரில் அழைத்துச் செல்லும்போது எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

கேள்வி: சாட்ஸ்வர்த் வாசகி

அன்பர்களுக்கு வணக்கம். நானும் என் கணவரும் தென்னாப்பிரிக்காவில் டர்பனை அடுத்த சாட்ஸ்வர்த்தில் வசிக்கிறோம். எங்கள் பிள்ளைகள் இருவரும் வேலை கிடைத்து ஜொஹானஸ்பர்க் சென்றுவிட்டார்கள். வீடு வெறிச்சோடிக் கிடப்பதைப் பார்க்க மனம் ஒப்பாமல், பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் உள்ள ஒரு சிறுவர் இல்லத்தின் பிள்ளைகளை வார இறுதிகளிலும் பள்ளி விடுமுறையிலும் அழைத்து வந்து வைத்துக்கொள்ளும் ஹோஸ்ட் பெற்றோராகப் பதிவு செய்துகொண்டோம். சமூகப் பணியாளர் வீட்டைப் பார்த்துவிட்டுப் போனார். பிள்ளைகளோடு இருக்கத் தகுதியற்றவர்களைக் குறித்து வைக்கும் தேசிய சிறுவர் பாதுகாப்புப் பதிவேட்டில் எங்கள் பெயர்கள் இல்லை என்பதற்கான சான்றிதழும் காவல்துறைச் சான்றிதழும் கைக்கு வந்துவிட்டன. அடுத்த மாதம் முதன்முறையாக ஓர் அக்காவும் தம்பியும் எங்களிடம் வர இருக்கிறார்கள். அக்காவுக்கு 13 வயது, ஏறத்தாழ என் உயரம் இருப்பாள். தம்பிக்கு 6 வயது.

சாப்பாடு, படுக்கை, விளையாட்டு ஆகியவற்றைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. இரண்டு பிள்ளைகளை வளர்த்தவள்தான். ஆனால் என் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஓடிய அதே காரில் பிறர் பொறுப்பில் உள்ள பிள்ளைகளை ஏற்றப் போகிறோம் என்று நினைத்தவுடன் வயிற்றில் ஒரு கலக்கம் வந்துவிட்டது. எங்களுடையது சிறிய ஐந்து இருக்கைக் கார். போக ஏறத்தாழ 80 கிலோமீட்டர், வர அதே அளவு. அதுவும் என்3 நெடுஞ்சாலையில், வெள்ளிக்கிழமை மாலையில், லாரிகளுக்கு நடுவே. சிறுவனுக்குத் தனி இருக்கை வாங்க வேண்டுமா, சீட் பெல்ட் மட்டும் போதுமா? பின்கதவுகளை உள்ளிருந்து திறக்க முடியாதபடி செய்யும் சைல்டு லாக்கைப் போட்டு வைப்பதா, திறந்து வைப்பதா? சில நாட்களில் எனக்கு வேலை இருக்கும். அப்போது என் கணவர் மட்டும் தனியாகச் சென்று அழைத்து வர நேரிடும். 13 வயதுப் பெண்பிள்ளையுடன் தனியாக வருவதில் அவருக்கே தயக்கம் இருக்கிறது, அதை என்னிடம் வெளிப்படையாகச் சொன்னார். வழியில் பிள்ளைகள் சண்டையிட்டாலோ, அழுதாலோ, கதவைத் திறக்க முயன்றாலோ என்ன செய்வது? அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.


பதில்: மெரிபேங்க், ஓய்வுபெற்ற இல்லப் பணியாளர்

சகோதரி, சிறுவர் இல்லம் ஒன்றில் பல ஆண்டுகள் இல்லத்தாயாக இருந்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். சீட் பெல்ட், இருக்கை பற்றியெல்லாம் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் எழுதுவார்கள். நான் அதற்கு முந்தைய ஒன்றிலிருந்து தொடங்குகிறேன்.

இந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோர் தங்கள் வீட்டைவிட்டு வந்த நாளில் ஒரு காரில்தான் வந்திருப்பார்கள். முன்பின் தெரியாத ஒருவர் ஓட்டியிருப்பார். எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று யாரும் தெளிவாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆகவே, நமக்கு உலாப் போவதாகத் தோன்றுகிற ஒரு பயணம் அவர்களுக்கு இன்னோர் இடப்பெயர்வாகத் தோன்றக்கூடும். கதவைத் திறக்க முயல்வதும், தம்பியைக் கிள்ளி அழவைப்பதும், திடீரென்று வாந்தி எடுப்பதும் பல வேளைகளில் குறும்பால் வருவன அல்ல, பயத்தால் வருவன. என் அனுபவத்தில் இதற்கு மிகச் சிறந்த மருந்து, காரில் ஏறும் முன்பே எல்லாவற்றையும் சொல்லிவிடுவதுதான்: எந்தச் சாலையில் போகிறோம், எத்தனை மணிக்குச் சேர்வோம், வழியில் எந்த இடத்தில் நிறுத்துவோம், ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்குத் திரும்ப இல்லத்தில் இருப்போம். சிறுவனுக்கு ஒரு தாளில் படம் வரைந்து கொடுத்தாலும் நல்லது. மாரியன்ஹில் சுங்கச்சாவடியைத் தாண்டியவுடன் வீடு நெருங்கிவிட்டது என்று அவனுக்குத் தெரிந்திருந்தால், அவன் சுங்கச்சாவடியை எதிர்பார்த்துக்கொண்டு வருவான். சொன்ன நேரத்தில் சொன்ன இடத்தில் இருப்பதைப் போல அவனுடைய நம்பிக்கையைப் பெற்றுத் தருவது வேறெதுவும் இல்லை.

அடுத்து, கடிதம். அந்தப் பிள்ளைகள் சிறுவர் நீதிமன்றத்தின் ஆணைப்படி இல்லத்தில் இருப்பவர்கள். 2005ஆம் ஆண்டின் 38ஆம் எண் சிறுவர் சட்டத்தின் 168ஆம் பிரிவின்படி, இல்ல நிர்வாகம் விடுப்பு அளித்த பிறகே அவர்கள் வெளியே தங்க முடியும். அந்த விடுப்புக் கடிதத்தின் நகலைக் காரின் கபி ஹோலில், அதாவது முன்பக்கச் சிறு பெட்டியில், வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளின் பெயர், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, யார் பொறுப்பு, அலுவலக நேரத்திற்குப் பின் அழைக்க வேண்டிய எண், ஒவ்வாமை, உட்கொள்ளும் மருந்து ஆகியவை அதில் இருக்க வேண்டும். சாலைத் தடுப்பில் காவலர் நிறுத்தி, குடும்பப் பெயர் வேறாக இருக்கிறதே என்று கேட்டால், பிள்ளைகளின் முன்னிலையில் அவர்களுடைய கதையை நீங்கள் விளக்கிக்கொண்டிருக்கக் கூடாது. கடிதத்தை எடுத்து நீட்டினால் போதும்.

உங்கள் கணவரின் தயக்கம் நியாயமானது. முதல் சில பயணங்களுக்கு இருவரும் சேர்ந்தே செல்லுங்கள். வேலை இருந்தால் தேதியை மாற்றிக்கொள்ளுங்கள். பிறகு அவர் தனியாகச் செல்ல வேண்டி வந்தால், அதை இல்லத்திற்கு முன்கூட்டியே தெரிவித்து ஒப்புதல் பெறுங்கள். புறப்படும்போது இல்லத்தாய்க்கும் உங்களுக்கும் ஒரு வாட்ஸ்அப் செய்தி, சேர்ந்தவுடன் இன்னொன்று. இடையில் நிறுத்தினால் எங்கே, எவ்வளவு நேரம் என்பதையும் எழுதிவிட வேண்டும். ஒரு சிறு நோட்டில் தேதி, புறப்பட்ட நேரம், காரின் கிலோமீட்டர் எண், சேர்ந்த நேரம், குறிப்பிடத்தக்க நிகழ்ச்சி ஆகியவற்றைப் பதிவு செய்து வாருங்கள். பெண்பிள்ளை பின்னிருக்கையில் தம்பியோடு உட்காரட்டும். இந்தப் பழக்கங்கள் பிள்ளையையும் காக்கும், உங்கள் கணவரையும் காக்கும். ஆனால் ஒன்று: "நாளை யாராவது ஏதாவது சொல்லிவிடுவார்கள் என்பதற்காகத்தான் இதெல்லாம்" என்று அந்தப் பெண்ணின் காதில் விழும்படி ஒருபோதும் பேசாதீர்கள். ஏற்கெனவே தன்னால்தான் குடும்பம் சிதறிற்று என்று நினைத்துக்கொண்டிருக்கும் பிள்ளையின் தலையில் இன்னொரு சுமையை ஏற்றுவதாகிவிடும்.

இன்னொரு சிக்கலும் வரக்கூடும். என்3இல் ஹேமர்ஸ்டேல் பக்கம் வரும்போது, "அந்தப் பக்கம்தான் என் பாட்டி வீடு, ஐந்து நிமிடம் நிறுத்துங்கள்" என்று பிள்ளை கெஞ்சலாம். மனம் இளகிவிடும். நிறுத்தாதீர்கள். யாரைச் சந்திக்கலாம், யாரைச் சந்திக்கக் கூடாது என்பது நீதிமன்றத்தோடும் சமூகப் பணியாளரோடும் தொடர்புடைய விஷயம். "இன்று முடியாது, ஆனால் திங்கட்கிழமை நான் கேட்டுப் பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டு, திங்கட்கிழமை உண்மையாகவே கேளுங்கள். பதில் என்னவாக இருந்தாலும் அதைப் பிள்ளையிடம் திரும்பச் சொல்லுங்கள்.


பதில்: ஃபீனிக்ஸ், ஓட்டுநர் பயிற்சியாளர்

மேலே எழுதிய அம்மையார் சொன்னவற்றை நானும் வழிமொழிகிறேன். நான் காரைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

நம் நாட்டுச் சாலைப் போக்குவரத்து விதிகளின் 213ஆம் விதிப்படி, 3 வயதுக்குட்பட்ட குழந்தைக்குச் சிறுவர் இருக்கை கட்டாயம். இது 2015ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ளது. 3 முதல் 14 வயது வரை, காரில் சிறுவர் இருக்கை இருந்தால் அதைப் பயன்படுத்த வேண்டும். இல்லாவிட்டால் சீட் பெல்ட்டாவது போட வேண்டும். 1.5 மீட்டருக்கு மேல் உயரமுள்ள பிள்ளை இந்தப் பிரிவில் வராது; பெரியவர்களைப் போலவே பெல்ட் அணிந்தால் போதும். பிள்ளைகள் பெல்ட் போட்டிருக்கிறார்களா என்று பார்ப்பது ஓட்டுநரின் பொறுப்பு.

ஆனால் சட்டம் அனுமதிப்பது வேறு, உடம்பு தாங்குவது வேறு. 6 வயதுச் சிறுவனுக்குப் பெரியவர்களின் பெல்ட் பொருந்தாது. தோள்பட்டி கழுத்தை அறுக்கும், இடுப்புப்பட்டி வயிற்றின் மேல் ஏறிக்கொள்ளும். வேகமாக வந்த கார் சட்டென்று நின்றால், இடுப்பெலும்பு தாங்க வேண்டிய விசையைக் குடலும் கல்லீரலும் தாங்கும். பெல்ட் சரியாகப் படியும்படி அவனை உயர்த்தி உட்கார வைக்கும், முதுகுச் சாய்வுள்ள பூஸ்டர் இருக்கை அவனுக்கு வேண்டும். முதுகை இருக்கையோடு ஒட்டி உட்கார்ந்து, முழங்கால் இருக்கையின் விளிம்பில் மடங்கி, இடுப்புப்பட்டி தொடையின் மேற்பகுதியிலும் தோள்பட்டி தோளின் நடுவிலும் படிந்தால்தான் பூஸ்டரை விடலாம். பெரும்பாலான பிள்ளைகளுக்கு 10 வயதுக்கு மேல்தான் அந்த நிலை வருகிறது. விலை கட்டுப்படியாகவில்லை என்றால், பழைய இருக்கைகளைப் பெற்றுச் சுத்தம் செய்து தேவைப்படும் குடும்பங்களுக்கு வழங்கும் வீல் வெல் என்ற தொண்டு நிறுவனம் நம் நாட்டில் உண்டு, விசாரித்துப் பாருங்கள். தெரிந்தவரிடம் வாங்குவதானால், விபத்தில் சிக்கிய இருக்கையா என்று கட்டாயம் கேளுங்கள். அப்படிப்பட்டது இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம். முதல் நாள் இல்லத்தின் வாசலில் நின்று பூஸ்டருடன் மல்லுக்கட்டாமல், வீட்டிலேயே பொருத்திப் பழகிவிடுங்கள்.

சைல்டு லாக் விஷயத்தில் என் கருத்து: முதல் சில மாதங்களுக்கு இரண்டு பின்கதவுகளிலும் போட்டே வையுங்கள். பழக்கமில்லாத பிள்ளைகள், 120 கிலோமீட்டர் வேகத்தில் கதவு திறந்தால் எதுவும் மிஞ்சாது.

கார் காப்பீட்டு நிறுவனத்திடம், இப்படிப் பிள்ளைகளை அழைத்து வருகிறோம் என்று எழுத்து மூலம் தெரிவித்து, எழுத்து மூலமே பதில் வாங்கி வையுங்கள். நம் நாட்டில் சாலை விபத்து நிதி என்னும் அரசு இழப்பீடு உடற்காயத்திற்கும் உயிரிழப்புக்கும் மட்டுமே. காரின் சேதத்திற்கு அது ஒரு சதமும் தராது. யாருக்காவது காயம் ஏற்பட்ட விபத்தை 24 மணி நேரத்திற்குள் காவல்துறையிடம் தெரிவித்தாக வேண்டும். இல்லத்திற்கோ அந்த நிமிடமே தெரிவித்துவிட வேண்டும், சிறிய உரசலாக இருந்தாலும்.

உறவினர்கள் யாராவது தங்கள் பக்கியின் (திறந்த பின்புறமுள்ள பிக்கப் வண்டி) பின்புறத்தில் பிள்ளைகளை ஏற்றிக் கடற்கரைக்குக் கூட்டிப் போவதாகச் சொன்னால், முகத்துக்கு அஞ்சாமல் மறுத்துவிடுங்கள். நாமெல்லாம் அப்படித்தான் வளர்ந்தோம் என்பது ஒரு வாதம் ஆகாது.


பதில்: டோங்காட், இல்லத்தில் வளர்ந்தவன்

பயிற்சியாளர் ஐயா சைல்டு லாக் பற்றி எழுதியதை நான் ஏற்கவில்லை. கார் கடத்தல் நடக்கும் ஊரில் இருக்கிறோம். துப்பாக்கியை நீட்டியவன் சாவியைக் கேட்கும் அந்தச் சில விநாடிகளில், பின்னால் இருக்கும் பிள்ளைகள் தாங்களாகவே இறங்க முடியாமல் போனால் என்ன ஆகும்? இங்கே நாம் ரோபோ என்று சொல்லும் சிக்னல் விளக்கருகிலும் வீட்டு வாசற்கதவருகிலும் நடப்பதை நீங்கள் அறியாதவர் அல்லர்.

இதைச் சொல்ல எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. நான் 8 வயதில் இல்லத்திற்கு வந்தவன். என் துணிகளைக் கறுப்புக் குப்பைப் பையில் கட்டி, காரின் டிக்கியில் போட்டு அழைத்து வந்தார்கள். உள்ளிருந்து கதவைத் திறந்து பார்த்தேன், திறக்கவில்லை. அந்தச் சத்தமில்லாத கைப்பிடி இன்றும் நினைவில் இருக்கிறது. அம்மா, உங்களிடம் ஒரு வேண்டுகோள்: பிள்ளைகளின் பொருட்களுக்கு ஆளுக்கொரு சொந்தப் பை வாங்கிக் கொடுங்கள். அதை டிக்கியில் போடாமல் அவர்கள் காலடியில் வைத்துக்கொள்ள அனுமதியுங்கள். அதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு. சைல்டு லாக் போடத்தான் வேண்டும் என்றால், போட்டிருப்பதையும், ஏன் போட்டிருக்கிறீர்கள் என்பதையும் கார் புறப்படும் முன் அவர்களிடமே சொல்லிவிடுங்கள்.

ஹோஸ்ட் வீட்டிலிருந்து ஞாயிற்றுக்கிழமை திரும்பும் பயணம்தான் எங்களுக்கு எப்போதும் கடினமானதாக இருந்தது. அப்போது பேச்சுக் கொடுக்க முயல வேண்டாம். பாட்டு ஓடட்டும், அல்லது அமைதியாக இருக்கட்டும்.


பதில்: ஃபீனிக்ஸ், ஓட்டுநர் பயிற்சியாளர்

தம்பி, உங்கள் கருத்தைப் படித்த பிறகு நான் எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன். இரண்டு பின்கதவுகளின் சைல்டு லாக்குகளும் தனித்தனியானவை. அந்தப் பூட்டு உள்ளிருந்து திறப்பதை மட்டுமே தடுக்கும். மத்தியப் பூட்டு விடுவிக்கப்பட்டிருந்தால் வெளியிலிருந்து வழக்கம்போலத் திறக்கும். ஆகவே சிறுவனை ஓட்டுநருக்கு நேர் பின்னால் பூஸ்டரில் உட்கார வைத்து, அந்தக் கதவில் மட்டும் பூட்டைப் போடுங்கள். ஓட்டுபவர் இறங்கினால் ஓரெட்டில் அந்தக் கதவைத் திறந்து அவனைத் தூக்கிவிடலாம். அதற்கு, இறங்கும்போதே எல்லாக் கதவுகளின் பூட்டையும் விடுவித்துவிட வேண்டும். அக்கா இடப்பக்கத்தில் உட்காரட்டும். 13 வயதுப் பெண்ணுக்குத் தானாக பெல்ட்டைக் கழற்றி இறங்கத் தெரியும், அவள் கதவில் பூட்டு வேண்டாம். ஓடும் காரில் கதவைத் திறக்கும் பழக்கம் அவளுக்கு உண்டு என்று இல்லத்தில் எச்சரித்தால் மட்டும் அந்தக் கதவையும் பூட்டுங்கள். முதலில் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் முறை. நான் கேட்காமலே முடிவு சொல்லிவிட்டேன்.

சகோதரி, சண்டை வந்தால் என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். திரும்பிப் பார்க்காதீர்கள், ஒரு கையால் தடுக்கவும் முயலாதீர்கள். பிள்ளை பெல்ட்டைக் கழற்றினால் வேகத்தைக் குறைத்து இடப்பக்கத் தடத்துக்கு வாருங்கள். இயன்றவரை அடுத்த வெளியேறும் பாதையில் இறங்கி, ஆள் நடமாட்டமும் வெளிச்சமும் உள்ள பெட்ரோல் நிலையத்தில் நிறுத்துங்கள். நெடுஞ்சாலையின் ஓரத்தில் நிற்பது கார் பழுதாகி நகராத நிலையில் மட்டுமே. அங்கே பிள்ளைகளை இறக்கிவிட்டுப் பாடம் புகட்ட நினைப்பது கொலைக்குச் சமம். நிறுத்திய பிறகு, கத்தாமல், "எல்லோரும் பெல்ட் போட்ட பிறகு புறப்படலாம்" என்று ஒரே ஒரு முறை சொல்லிவிட்டுக் காத்திருங்கள். பத்து நிமிடம் ஆனாலும் ஆகட்டும். வெள்ளிக்கிழமை மாலையைத் தவிர்த்து, சனிக்கிழமை காலையில் அழைத்து வரலாமா என்றும் கேட்டுப் பாருங்கள். சாலை விரிவாக்கப் பணி நடக்கும் பகுதிகளில் லாரிகளுக்கிடையே மாலை இருட்டில் ஊர்ந்து வருவதைவிட அது எவ்வளவோ மேல்.


கேள்வி கேட்டவர்: சாட்ஸ்வர்த் வாசகி

எல்லோருக்கும் நன்றி. கறுப்புப் பை பற்றிப் படித்தபோது கண் கலங்கிவிட்டது. இரண்டு பைகள் இன்றே வாங்கிவிட்டேன். இன்னும் இரண்டு சந்தேகங்கள் இருக்கின்றன. என் மைத்துனி ஒரு ஹோஸ்ட் தாயாக இருந்தவள். வீட்டில் வாய் திறக்காத பிள்ளை காரில்தான் மனம்விட்டுப் பேசும் என்கிறாள். ஓட்டிக்கொண்டிருக்கும்போது அந்தப் பெண் தனக்கு நேர்ந்த ஏதேனும் கொடுமையைச் சொல்லத் தொடங்கினால் நான் என்ன செய்ய வேண்டும்? டிசம்பர் விடுமுறையில் அவர்களை டிராக்கன்ஸ்பர்க் மலைக்கு அழைத்துச் சென்று, சானி கணவாய் வரை போய் வரவும் ஆசை. அதற்குத் தனி அனுமதி வேண்டுமா?


பதில்: மெரிபேங்க், ஓய்வுபெற்ற இல்லப் பணியாளர்

உங்கள் மைத்துனி சொல்வது முற்றிலும் உண்மை. காரில் முகத்துக்கு முகம் பார்க்க வேண்டியதில்லை. எல்லோரும் சாலையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதனால் பேச்சு எளிதாக வரும். அப்படிப் பேசத் தொடங்கினால், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல், "நீ சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், நீ என்னிடம் சொன்னது நல்லதுதான்" என்று மட்டும் சொல்லுங்கள். துருவித் துருவிக் கேள்வி கேட்க வேண்டாம். உங்கள் கை நடுங்கத் தொடங்கினால் அடுத்த பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தி, ஒரு தேநீர் வாங்கிக்கொண்டு கேளுங்கள். தம்பி பக்கத்தில் இருக்கிறான் என்பதையும் மறக்க வேண்டாம். அவன் கேட்கக் கூடாதது என்று தோன்றினால், "இதை வீட்டில் நாம் இருவரும் உட்கார்ந்து பேசுவோம்" என்று நேரம் குறித்துச் சொல்லி, அதே நாளில் பேசிவிடுங்கள்.

"யாரிடமும் சொல்லமாட்டேன்" என்ற வாக்குறுதியை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அதை உங்களால் காப்பாற்ற முடியாது. ஒரு பிள்ளைக்கு எதிராகப் பாலியல் குற்றம் நடந்திருப்பதை அறிந்தவர் யாராக இருந்தாலும் உடனே காவல்துறையிடம் தெரிவிக்க வேண்டும் என்று 2007ஆம் ஆண்டின் 32ஆம் எண் சட்டத்தின் 54ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே, "உனக்கு உதவக்கூடிய ஒருவரிடம் மட்டும் நான் இதைச் சொல்ல வேண்டியிருக்கும்" என்று முதலிலேயே நேர்மையாகச் சொல்லிவிடுங்கள். வீடு சேர்ந்தவுடன், அவள் சொன்ன சொற்களை அவள் சொன்னபடியே எழுதி வைத்து, அன்றே சமூகப் பணியாளரை அழையுங்கள். அவர் கிடைக்காவிட்டால் சைல்டுலைன் என்ற சிறுவர் உதவி அமைப்பின் 116 என்ற இலவச எண் உண்டு. உடனடி ஆபத்து என்றால் காவல்துறையின் 10111.

சானி கணவாய் பற்றி: கீழே டிராக்கன்ஸ்பர்க்கில் தங்குவதற்கு, விடுப்புக் கடிதத்தில் அந்த முகவரியும் தேதிகளும் சேர்க்கப்பட்டால் போதும். ஆனால் கணவாயின் உச்சி லெசோத்தோ எல்லை. சிறுவர் இல்லம் போன்ற மாற்றுப் பராமரிப்பில் உள்ள பிள்ளை மாகாணச் சமூக மேம்பாட்டுத் துறைத் தலைவரின் எழுத்துபூர்வ ஒப்புதல் இல்லாமல் நாட்டைவிட்டு வெளியேற முடியாது. சிறுவர் சட்டத்தின் 169ஆம் பிரிவு அது. மேலே போய் ஒரு தேநீர் குடித்துவிட்டு ஒரு மணி நேரத்தில் இறங்கிவிடுவோம் என்பதும் நாட்டைவிட்டு வெளியேறுவதுதான். அதோடு அந்தச் சாலையில் நான்கு சக்கர இயக்கமுள்ள வண்டிதான் ஏற முடியும். உங்கள் சிறிய கார் ஏறாது. மலையடிவாரத்திலேயே ஆறும் அருவியும் போதுமான அளவு இருக்கின்றன.

பயணத்தில் எடுக்கும் படங்களையும் கவனியுங்கள். சிறுவர் நீதிமன்ற வழக்கில் தொடர்புடைய பிள்ளையை அடையாளம் காட்டும் எதையும் நீதிமன்ற அனுமதியின்றி வெளியிடக் கூடாது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடும் படமும் எங்கெங்கோ போய்ச் சேரும். படங்களை அச்சடித்து அந்தப் பிள்ளைகளிடமே கொடுங்கள். இல்லத்தில் அலமாரிக் கதவில் ஒட்டிவைத்துக்கொள்வார்கள்.


கேள்வி கேட்டவர்: சாட்ஸ்வர்த் வாசகி

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அழைத்து வர இல்லத்தில் ஒப்புக்கொண்டார்கள். பெண்பிள்ளை கதவைத் திறப்பவளா என்று கேட்டேன். இல்லை, ஆனால் பின்னிருக்கையில் உட்கார்ந்தால் அவளுக்குத் தலை சுற்றும் என்றார்கள். என் கணவர் ஒரு பொட்டலம் இஞ்சி மிட்டாயும் ஒரு பழைய துண்டும் காரில் எடுத்து வைத்துவிட்டார். பூஸ்டரை நேற்று மாலை மூன்று முறை பொருத்திக் கழற்றிப் பழகினோம். மூன்றாம் முறைதான் பெல்ட் சரியான வழியில் போயிற்று.